பந்து நெட்டில் விழுகிறதா, கோட்டைத் தாண்டிப் பறக்கிறதா? புதிதாக டென்னிஸ் ஆடுவோருக்குப் பிழை நீக்கும் வழிமுறை

டென்னிஸ் மட்டையைக் கையில் எடுத்து ஓரிரு மாதம் ஆனவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "பந்து நெட்டிலேயே விழுது", "கொஞ்சம் வேகமா அடிச்சா வெளியே போயிடுது", "சர்வ் மட்டும் வரவே மாட்டேங்குது." திரும்பத் திரும்ப இதே குறைகள்தான். (சர்வ் என்பது ஒவ்வொரு பாயின்டையும் தொடங்கி வைக்கும் அடி.) ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்க எளிய சோதனையும் இருக்கிறது. அவற்றை அறிகுறி வாரியாக இங்கே எழுதியிருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்களுக்குப் பொருந்தும் இடத்துக்கு நேராகப் போய்விடலாம். வலக்கையால் ஆடுபவரை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். இடக்கைக்காரர்கள் வலம், இடம் என்று வரும் இடங்களைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் ஒரே ஒரு விஷயம். பந்து மட்டையின் ஸ்ட்ரிங்கில் (பின்னிய நரம்புகளில்) ஒட்டியிருக்கும் நேரம் ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் நாலைந்து பங்குதான். அந்த நேரத்துக்குள் கையைத் திருப்பிப் பந்தைச் சரியான வழியில் அனுப்ப யாராலும் முடியாது. பந்து போகும் திசை, உயரம், வேகம் எல்லாமே பந்து மட்டையில் படுவதற்கு முன்பே முடிவாகிவிடுகின்றன: நீங்கள் எப்போது திரும்பினீர்கள், கால் எங்கே இருந்தது, மட்டையை எப்படிப் பிடித்திருந்தீர்கள் என்பதில். அதனால் கீழே பல இடங்களில் கையை விட்டுவிட்டுக் காலைப் பார்க்கச் சொல்லுவேன்.

சோதிக்கும் முறையும் முக்கியம். ஒரு பந்து வெளியே போனதும் எதையாவது மாற்றாதீர்கள். பத்துப் பந்து அடியுங்கள், எங்கெங்கே போயின என்று எண்ணுங்கள். பத்தில் ஆறேழு ஒரே மாதிரித் தவறினால்தான் அது அறிகுறி. அப்புறம் ஒன்றை மட்டும் மாற்றி இன்னொரு பத்து.

ரேலி (பந்து இருவரிடையே மாறி மாறிப் போய்வருவது) நாலு முறைக்கு மேல் நீடிப்பதே இல்லை

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. இங்கே உங்கள் அடியில் தவறே இல்லாமல் இருக்கலாம். பந்தும் தூரமும்தான் தவறு.

டென்னிஸ் கோர்ட்டின் நீளம் 78 அடி, அதாவது 23.77 மீட்டர். நன்றாக ஆடத் தெரிந்தவர்களுக்கான அளவு அது. முதல் வாரத்திலேயே இருவரும் பேஸ்லைனில் (கோர்ட்டின் பின் எல்லைக் கோட்டில்) போய் நின்றுகொண்டு வழக்கமான மஞ்சள் பந்தை அடித்தால் அது மிக வேகமாக வரும், மிக உயரமாகத் துள்ளும், யோசிக்க நேரமே இருக்காது. புதியவர்களுக்கென்றே வேகம் குறைந்த பந்துகள் இருக்கின்றன. சிவப்புப் பந்து வழக்கமான பந்தைவிட சுமார் 75 சதவீதம் மெதுவானது, ஆரஞ்சு 50 சதவீதம், பச்சைப் புள்ளி போட்டது 25 சதவீதம். குழந்தைகளுக்கானவை என்று பெரியவர்கள் பலர் இவற்றைத் தொடுவதே இல்லை. அது பெரிய இழப்பு. முப்பது வயதிலும் ஐம்பது வயதிலும் தொடங்குகிறவர்களுக்கு ஆரஞ்சுப் பந்தில் ஒரு மாதம் ஆடுவதைப் போல உதவுவது வேறு எதுவும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

அந்தப் பந்து கிடைக்கவில்லையா? சரி, தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். இருவரும் சர்வ் கோட்டில், அதாவது நெட்டுக்கும் பேஸ்லைனுக்கும் நடுவே குறுக்காகப் போகும் கோட்டில் நின்று, நெட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள சர்வ் கட்டங்களுக்குள்ளேயே மெதுவாகத் தட்டி ஆடுங்கள். தவறாமல் இருபது முறை போய் வந்தால் இருவரும் இரண்டு அடி பின்னால் போகலாம். தவறினால் இரண்டு அடி முன்னால் வர வேண்டும். பேஸ்லைன் வரை போய்ச் சேர மூன்று வாரம் ஆனாலும் பரவாயில்லை.

பந்து செத்துப் போயிருக்கிறதா என்றும் பாருங்கள். விதிப்படி 254 செ.மீ. உயரத்திலிருந்து கான்கிரீட் தரையில் போட்டால் பந்து 135 முதல் 147 செ.மீ. வரை எழும்ப வேண்டும். அதாவது போட்ட உயரத்தில் பாதிக்குச் சற்று மேல். உங்கள் தலை உயரத்திலிருந்து போட்டுப் பாருங்கள். இடுப்பைத் தாண்டி வரவில்லை என்றால் அந்தப் பந்தைச் சர்வ் பழக வைத்துக்கொள்ளுங்கள், ரேலிக்கு ஆகாது.

பந்து நெட்டில் போய் விழுகிறது

புதியவர்களின் தவறுகளில் அதிகம் இதுதான். முதல் காரணம் மிக எளிமையானது: குறி. நெட்டைத் தாண்ட வேண்டும் என்று நினைக்கிறவர் நெட்டின் மேல் விளிம்பையே குறி வைக்கிறார். கொஞ்சம் தாழ்ந்தாலும் பந்து நெட்டில்தான். நெட் நடுவில் 3 அடி உயரம், ஓரக் கம்பங்களில் மூன்றரை அடி. அதற்கு மேல் இன்னொரு நெட் நிற்பதாகக் கற்பனை செய்துகொண்டு, அந்த இரண்டாவது நெட்டுக்கு மேலே பந்தை அனுப்புங்கள். பலருக்கு இது ஒன்றே போதும். பத்தில் ஏழு விழுந்துகொண்டிருந்த இடத்தில் இரண்டு விழும்.

குறியை உயர்த்தியும் நெட்டில் விழுகிறதென்றால், அடித்து முடித்ததும் அப்படியே சிலை போல நில்லுங்கள். மட்டை எங்கே இருக்கிறது? இடுப்புக்குக் கீழே, அல்லது தரையைப் பார்த்தபடி இருந்தால் உங்கள் வீச்சு மேலிருந்து கீழாகப் போகிறது. வீச்சு பந்துக்குக் கீழே தொடங்கி, முடியும்போது மட்டை எதிர்த் தோளுக்கு மேலே வந்திருக்க வேண்டும்.

மட்டையைத் தாழ்த்துவது கையின் வேலை என்று நினைத்துக் கையை மட்டும் இறக்காதீர்கள். முழங்கால் மடங்க வேண்டும். தாழ்வாக வரும் பந்தை நிமிர்ந்து நின்றபடி அடிக்கும்போது மட்டையின் தலை கீழே தொங்கும், அதன் ஸ்ட்ரிங் பக்கமான முகம் தரையைப் பார்க்கும், பந்து நெட்டின் அடியில் போய் முட்டும். பின்னால் போடும் காலின் முழங்கால் தரையைத் தொடப் போவது போல இறங்கிப் பாருங்கள். முதல் நாள் தொடை வலிக்கும். வலித்தால் சரியாகச் செய்கிறீர்கள் என்றே அர்த்தம்.

பந்து பேஸ்லைனைத் தாண்டி வெளியே பறக்கிறது

இதற்கு எல்லோரும் சொல்லும் மருந்து "மெதுவா அடி". நான் அதைச் சொல்ல மாட்டேன். மெதுவாக அடிக்கிறவர் வீச்சைப் பாதியில் நிறுத்தப் பழகிவிடுவார். அந்தப் பழக்கத்தை மாற்றுவது பின்னால் மிகக் கடினம்.

முதலில் பிடியைப் பாருங்கள். மட்டையின் கைப்பிடி உருண்டையானது அல்ல. எட்டுப் பட்டைகள் கொண்டது. ஃபோர்ஹேண்ட் (வலப்பக்கம் வரும் பந்தை உள்ளங்கை முன்னே பார்க்க அடிப்பது) அடிக்கப் பொருத்தமான பிடியை இப்படிக் கண்டுபிடிக்கலாம்: இடக்கையால் மட்டையின் கழுத்தைப் பிடித்து, மட்டையை உங்கள் முன்னால் செங்குத்தாக வையுங்கள். வலது உள்ளங்கையை ஸ்ட்ரிங் மேல் தட்டையாகப் பதித்து, அப்படியே கீழே இழுத்துக்கொண்டு வந்து கைப்பிடியை மூடிப் பிடியுங்கள். இதுதான் ஈஸ்டர்ன் ஃபோர்ஹேண்ட் பிடி. இதில் உள்ளங்கை எந்தப் பக்கம் பார்க்கிறதோ ஸ்ட்ரிங்கும் அந்தப் பக்கமே பார்க்கும். பந்து எங்கே போகும் என்று உள்ளங்கையைக் கொண்டே உணர முடியும்.

புதியவர்கள் பலர் சுத்தியலைப் பிடிப்பது போலப் பிடிக்கிறார்கள். அது கான்டினென்டல் பிடி. சர்வுக்கும் வாலிக்கும் (பந்து தரையில் படும் முன்பே அடிப்பது) அருமையானது. ஃபோர்ஹேண்டில் அதைப் பிடித்தால் மட்டை முகம் வானத்தைப் பார்க்கும். வேகமாக அடிக்கும் ஒவ்வொரு பந்தும் பறக்கும். பிடியை மாற்றிய முதல் இரண்டு நாள் எல்லாப் பந்தும் தப்பாகப் போவது போலத் தோன்றும். பொறுத்துக்கொள்ளுங்கள், கை புதிய கோணத்தைப் பழகிக்கொள்ளும்.

பிடி சரியாக இருந்தும் பறக்கிறதென்றால் பந்து உங்கள் உடம்புக்குப் பக்கவாட்டிலோ பின்னாலோ படுகிறது. படும் இடம் முன்னால் வைத்த காலுக்குச் சற்று முன்னே இருக்க வேண்டும். தாமதமாக அடிக்கிறவர் தன்னை அறியாமல் பின்னால் சாய்வார், மட்டை திறந்துகொள்ளும். ஏன் தாமதம்? அதற்குப் பதில் காலில் இருக்கிறது. இரண்டு பகுதி தள்ளிச் சொல்கிறேன்.

இவை இரண்டும் சரியான பிறகு டாப்ஸ்பின். மட்டை கீழிருந்து மேலாகப் பந்தை உரசிக்கொண்டு போகும்போது பந்தின் மேல் பக்கம் முன்னோக்கிச் சுழல்கிறது. அப்படிச் சுழலும் பந்தைச் சுற்றியுள்ள காற்று கீழ்நோக்கித் தள்ளும். இயற்பியலில் மேக்னஸ் விளைவு என்பார்கள். ரஃபேல் நடாலின் ஃபோர்ஹேண்ட் நெட்டுக்கு மேலே அத்தனை உயரத்தில் போய்விட்டுக் கோட்டுக்கு உள்ளே திடீரென்று இறங்கியது இதனால்தான். அவரளவு சுழற்சி உங்களுக்குத் தேவையில்லை. கொஞ்சம் சுழற்சி வந்தாலே, முழு வீச்சாக அடித்த பந்தும் உள்ளே விழத் தொடங்கும். "மெதுவா அடி" என்ற மருந்தை நான் ஏற்காததற்கு இதுதான் காரணம்.

நேராக அடிக்க நினைத்தால் பக்கவாட்டில் போகிறது

ஃபோர்ஹேண்டில் பந்து வலப்பக்கம் விலகினால் தாமதம், இடப்பக்கம் விலகினால் அவசரம். இடப்பக்கம் வரும் பந்தை அடிக்கும் பேக்ஹேண்டில் இது தலைகீழ். அவ்வளவுதான். மணிக்கட்டைத் திருப்பிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள்.

எப்போதும் தாமதமாகவே அடிக்கிறேன், பந்து மட்டையின் ஃப்ரேமில் (விளிம்புச் சட்டத்தில்) படுகிறது

இரண்டும் ஒரே வேரிலிருந்து வரும் கிளைகள், அதனால் சேர்த்தே பார்க்கலாம்.

உங்களை யாராவது கைபேசியில் இரண்டு நிமிடம் படம் எடுக்கட்டும். அதில் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பந்து நெட்டைத் தாண்டும் நொடியில் உங்கள் தோள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது? கிட்டத்தட்ட எல்லாப் புதியவர்களும் அந்த நேரத்தில் நெட்டைப் பார்த்தபடி நேராக நிற்பார்கள். பந்து தங்கள் பக்கத்தில் துள்ளிய பிறகுதான் மட்டையைப் பின்னால் கொண்டுபோவார்கள். அதற்குள் பந்து வந்துவிடும். ஃபோர்ஹேண்டா பேக்ஹேண்டா என்று தெரிந்த கணமே தோளைத் திருப்ப வேண்டும், பந்து நெட்டைத் தாண்டும் முன்பே. தோள் திரும்பினால் மட்டை தானாகப் பின்னால் போய்விடும்.

அதற்கும் முன்னால் ஒரு சிறு துள்ளல் இருக்கிறது. எதிராளி பந்தை அடிக்கும் நொடியில் இரண்டு காலையும் அகட்டி, குதிகால் படாமல் ஒரு சின்னக் குதி. இதை ஸ்பிளிட் ஸ்டெப் என்பார்கள். கீழே இறங்கும்போது கால் சுருள்வில் போலத் தயாராக இருக்கும், எந்தப் பக்கமும் உடனே பாயலாம். தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு அடிக்கும் இதைச் செய்வதை, பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர்கள் காலை மட்டும் பார்த்தால் கவனிக்கலாம். நான் கற்றுக்கொண்ட காலத்தில் இதை யாரும் சொல்லித் தரவில்லை. பின்னாளில் ஒருவர் சொன்ன பிறகு ஒரே மாதத்தில் என் ஆட்டம் மாறியது, அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

ஃப்ரேமில் படுவதற்கு இன்னொரு காரணம், பந்துக்கு மிக அருகில் போய் நிற்பது. ஓடி வந்து பந்தைக் கட்டிப்பிடிப்பது போல நின்றால் கை நீள இடமிருக்காது, முழங்கை உடம்பில் ஒட்டும். கடைசி இரண்டு மீட்டரில் பெரிய எட்டு வைக்காமல் சின்னச் சின்ன எட்டுகளாக வையுங்கள். அப்போதுதான் தூரத்தைக் கடைசி நொடியில் சரிசெய்ய முடியும்.

கண்ணுக்கு ஒரு பயிற்சி: பந்து தரையில் படும்போது "தரை" என்றும், மட்டையில் படும்போது "அடி" என்றும் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லும் நேரமும் படும் நேரமும் சரியாகப் பொருந்த வேண்டும். ஐந்து நிமிடத்தில் பந்தை எவ்வளவு நேரம் பார்க்காமல் விட்டிருந்தீர்கள் என்று தெரிந்துவிடும். அடித்தவுடன் பந்து எங்கே போகிறது என்று தலையைத் தூக்காதீர்கள். ரோஜர் ஃபெடரர் அடிக்கும் படங்களில், பந்து போன பிறகும் அவர் முகம் பந்து பட்ட இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். தலை தூக்கும்போது தோள் தூக்கும், தோளோடு மட்டையும் தூக்கும்.

பேக்ஹேண்டில் பலமே இல்லை

இரண்டு கையால் ஆடுகிறீர்களா? அப்படியென்றால் வலக்கையைக் கொஞ்சம் ஓய்வெடுக்க விடுங்கள். இரட்டைக் கை பேக்ஹேண்ட் என்பது உண்மையில் இடக்கையின் ஃபோர்ஹேண்ட். வலக்கை கைப்பிடியின் அடியில் கான்டினென்டல் பிடியில் வழிகாட்டினால் போதும், தள்ளும் வேலை இடக்கையுடையது. இதை நம்பக் கடினமாக இருந்தால் வலக்கையை எடுத்துவிட்டு, இடக்கையால் மட்டும், மட்டையின் கழுத்துக்கு அருகே பிடித்து, சர்வ் கோட்டிலிருந்து இருபது பந்து தட்டுங்கள். அப்புறம் வலக்கையைச் சேர்த்துப் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

ஒற்றைக் கையா இரட்டைக் கையா என்று தயங்குகிறவர்களுக்கு என் பரிந்துரை இரட்டைக் கை. 1970களில் கிறிஸ் எவர்ட், ஜிம்மி கானர்ஸ், பியோர்ன் போர்க் ஆகியோர் அப்படி ஆடி வென்ற பிறகு அது எங்கும் பரவியது. தாமதமானாலும் ஓரளவு சமாளிக்கலாம், முழங்கைக்கும் சுமை குறைவு. ஒற்றைக் கையின் அழகு தனி, மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பந்து உடம்புக்கு நன்றாக முன்னால் படவேண்டும், பிடியையும் ஒவ்வொரு முறை மாற்ற வேண்டும். காலும் நேரமும் கைவந்த பிறகு விரும்பினால் மாறிக்கொள்ளலாம்.

பேக்ஹேண்ட் பக்கம் வரும் பந்தைச் சுற்றி ஓடிப்போய் ஃபோர்ஹேண்டாக அடிக்கும் பழக்கம் இருந்தால் பயிற்சி நாட்களில் நிறுத்துங்கள். தவிர்க்கும் அடி வளராது.

சர்வ் உள்ளே விழுவதே இல்லை

டென்னிஸில் நம் கையில் மட்டும் இருக்கும் ஒரே அடி சர்வ். எதிராளியின் பந்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அதனாலேயே தனியாகப் பழக மிக எளிதான அடியும் இதுதான். இருந்தும் பயிற்சியின் கடைசி ஐந்து நிமிடத்தில், களைத்த பிறகு, பத்துப் பந்து அடித்துவிட்டுப் போகிறோம். சர்வ் வராததற்கு முதல் காரணம் அதுவே.

அடுத்து டாஸ், அதாவது சர்வ் அடிக்கப் பந்தை மேலே போடுவது. பந்தை அடிக்கவே அடிக்காமல் டாஸ் மட்டும் போட்டுப் பாருங்கள். முன்காலுக்கு ஒரு அடி முன்னால், சற்று வலப்பக்கமாக மட்டையைத் தரையில் வையுங்கள். நீங்கள் போடும் பந்து அந்த மட்டையின் மேல் விழ வேண்டும். பத்தில் ஏழாவது விழுந்தால் டாஸ் சரி. இங்கும் அங்கும் சிதறினால் பந்தை எப்படிப் பிடித்திருக்கிறீர்கள் என்று பாருங்கள்: உள்ளங்கையில் அழுத்திப் பிடித்தால் அது சுழன்றுகொண்டே போகும். விரல் நுனிகளில், கண்ணாடிக் குவளையைப் பிடிப்பது போல மென்மையாகப் பிடியுங்கள். முழங்கையை மடக்காமல் கை முழுவதையும் தோளிலிருந்து தூக்குங்கள். கண் உயரத்துக்கு வரும்போது விரல்களைத் திறந்து விடுங்கள், எறியாதீர்கள்.

டாஸ் தவறினால் அடிக்கத் தேவையில்லை. மட்டையை வீசாமல் பந்தைப் பிடித்துக்கொண்டு, அல்லது தரையில் விழவிட்டு, மறுபடி போடலாம். விதி அதை அனுமதிக்கிறது. வீசித் தவறவிட்டால்தான் ஃபால்ட் (தவறிய சர்வ்). தப்பான டாஸைத் துரத்திப்போய் அடிப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அவர்கள் அந்தத் தவறைத்தான் பழகிக்கொண்டிருக்கிறார்கள்.

டாஸ் சரி, ஆனாலும் சர்வ் நெட்டில் போகிறது என்றால், நீங்கள் பந்தைக் கீழ்நோக்கி அடிக்கிறீர்கள். உயரத்திலிருந்து அடிக்கிறோம், கட்டமோ கீழே இருக்கிறது, ஆகவே கீழ்நோக்கி அடிக்க வேண்டும் என்றுதான் மனம் சொல்லும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேஸ்லைனிலிருந்து நெட் 39 அடி தள்ளி இருக்கிறது. அதற்கு அப்பால் 21 அடியில் சர்வ் கோடு. ஆக மொத்தம் 60 அடிக்குள் பந்து விழ வேண்டும். நீங்கள் 8 அடி உயரத்தில் பந்தைத் தொடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து 3 அடி நெட்டின் விளிம்பை உரசிக்கொண்டு ஒரு நேர்கோடு போட்டால் அது தரையைத் தொடும் இடம் 62 அடிக்கும் மேலே. கட்டத்துக்கு வெளியே. நேராகக் கீழ்நோக்கி அடிக்கும் சர்வ் ஒன்று நெட்டில் விழும், இல்லையென்றால் வெளியே விழும். உள்ளே விழும் சர்வ் எல்லாம் வளைந்து வருபவை. புவியீர்ப்பும் சுழற்சியும்தான் அவற்றை உள்ளே இறக்குகின்றன. ஆகவே மேல்நோக்கி அடியுங்கள். எதிர்ப்பக்க வேலிக்கு மேலே அனுப்புவது போல எண்ணிக்கொண்டு அடித்துப் பாருங்கள், நெட்டில் விழுவது உடனே குறையும்.

எல்லாச் சர்வும் நீளமாக, மிதந்து போகிறதா? பிடியில் தவறு. ஃபோர்ஹேண்ட் பிடியிலேயே சர்வ் அடித்தால் மட்டை தட்டேந்துவது போலத் திறந்து நிற்கும். சுத்தியல் பிடிக்கு மாறுங்கள். மட்டையின் ஓரம் பந்தை வெட்டப் போவது போல மேலே ஏறும், கடைசி நொடியில் முன்கை திரும்பி ஸ்ட்ரிங் பந்தைச் சந்திக்கும். முதலில் விசித்திரமாக இருக்கும். மட்டையை வைத்துவிட்டுப் பழைய பந்து ஒன்றை எதிர்ப்பக்கத்துக்குத் தலைக்கு மேலாக வீசி எறிந்து பாருங்கள்; கை அதே வேலையைத்தான் செய்கிறது.

இத்தனைக்குப் பிறகும் ஆட்டத்தில் டபுள் ஃபால்ட்டாகவே (சர்வின் இரண்டு வாய்ப்பும் தவறுவது) போகிறது என்றால் தோளுக்குக் கீழாக, கைதாழ்த்திச் சர்வ் போடுங்கள். அது விதிக்கு உட்பட்டதே. 1989 பிரெஞ்சு ஓப்பனில், 17 வயது மைக்கேல் சாங் காலில் தசைப்பிடிப்போடு உலகின் முதல் நிலை ஆட்டக்காரரான இவான் லெண்டலுக்கு எதிராக ஐந்தாவது செட்டில் ஒரு சர்வை அப்படித்தான் போட்டார். அந்தப் பாயின்டையும் வென்றார், ஆட்டத்தையும் வென்றார், கடைசியில் பட்டத்தையும் வென்றார். வழக்கமான சர்வ் கைவரும் வரை ஆட்டத்தை நிறுத்தாமல் தொடர இது நல்ல வழி.

பேஸ்லைனை மிதித்தபடி சர்வ் போடுகிறீர்களா என்றும் பாருங்கள். மட்டை பந்தைத் தொடும் முன் கால் கோட்டைத் தொட்டாலே ஃபால்ட். கோட்டுக்கு ஒரு கைப்பிடி தூரம் பின்னால் நின்றால் கவலையில்லை.

பந்து காலடியிலேயே வந்து துள்ளுகிறது

நீங்கள் நிற்கும் இடம் தவறு. பேஸ்லைனுக்கும் சர்வ் கோட்டுக்கும் நடுவே நிற்கிறீர்கள். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் பேஸ்லைனுக்கு இரண்டு மூன்று அடி பின்னால் திரும்பிப் போங்கள். முன்னால் போவதென்றால் பாதியில் நிற்காமல் நெட் வரை போங்கள்.

நெட் அருகே வாலி அடித்தால் பந்து எங்கோ போகிறது

மட்டையைப் பின்னால் இழுக்கிறீர்கள். வாலிக்கு வீச்சே வேண்டாம். மட்டை எப்போதும் கண்ணுக்கு முன்னால் தெரிய வேண்டும். சுத்தியல் பிடி, எதிர்க்காலால் ஒரு எட்டு முன்னே, மட்டையால் பந்தைத் தடுத்து ஒரு தட்டு. முதுகைச் சுவரில் ஒட்டி நின்றுகொண்டு யாராவது மெதுவாகப் பந்து போட, திருப்பித் தட்டிப் பாருங்கள். மட்டை பின்னால் போனால் சுவரில் இடிக்கும். பத்து நிமிடத்தில் பழக்கம் மாறிவிடும்.

பயிற்சியில் வருவதெல்லாம் ஆட்டத்தில் காணாமல் போகிறது

ஸ்கோர் எண்ணத் தொடங்கியதும் கை இறுகும், வீச்சு சுருங்கும், கோட்டுக்கு ஒட்டி அடிக்கும் ஆசை வரும். இங்கே கோர்ட்டின் அமைப்பையே துணைக்குக் கூப்பிடலாம். குறுக்காக, மூலைக்கு மூலை அடியுங்கள். ஒற்றையர் கோர்ட்டின் அகலம் 27 அடி. குறுக்கு நீளம் 82 அடிக்கும் சற்று அதிகம், நேர் நீளமோ 78 தான். அந்தக் கூடுதல் நாலு அடி உங்களுக்கு இலவசம். மேலும் குறுக்காகப் போகும் பந்து நெட்டின் தாழ்வான நடுப்பகுதியைத் தாண்டுகிறது. பதற்றமான பாயின்டில் குறுக்கே அடிப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டால் ஒரு குழப்பம் குறையும்.

ஸ்கோரில் தடுமாறுகிறவர்கள் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: சர்வ் போடுபவரின் எண்ணை முதலில் சொல்ல வேண்டும், ஒவ்வொரு சர்வுக்கு முன்பும் சத்தமாக. அந்த கேமில் இதுவரை ஆடிய பாயின்டுகள் இரட்டை எண்ணிக்கை என்றால் வலப்பக்கத்திலிருந்து சர்வ், ஒற்றை என்றால் இடப்பக்கம். பந்து கோட்டைத் தொட்டாலே உள்ளே. உங்கள் பக்கம் விழுந்த பந்து உள்ளேயா வெளியேயா என்று சந்தேகம் வந்தால் உள்ளே என்றுதான் சொல்ல வேண்டும்.

முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்கிறது

இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். "ஆடினால் சரியாகிவிடும்" என்று நினைத்துப் பல மாதம் மட்டையைத் தொட முடியாமல் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வலி தொடங்கினால் முதலில் ஆட்டத்தை நிறுத்துங்கள். அப்புறம் காரணத்தைத் தேடுங்கள். பிடி இறுக்கமா? பத்துக்கு நாலு அளவு அழுத்தம் போதும், பந்து படும் நேரத்தில் அது தானாகக் கூடிக்கொள்ளும். கைப்பிடியின் பருமன் பொருந்துகிறதா? மட்டையைப் பிடித்தபடி, விரல் நுனிகளுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே மறுகையின் ஆள்காட்டி விரல் நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் பிடி மெலிது. அதன் மேல் ஓவர்கிரிப் பட்டை ஒன்று சுற்றிக்கொள்ளலாம். விரலைச் சுற்றி நிறைய இடம் மிச்சமிருந்தால் பிடி பருமன். ஸ்ட்ரிங் பாலியஸ்டரா என்று கேளுங்கள். விறைப்பான அந்த ஸ்ட்ரிங் வேகமாக வீசிச் சுழற்சி போடுபவர்களுக்கானது. புதியவர்களின் கைக்கு அதிர்ச்சியைத்தான் கடத்தும். பல மெல்லிய இழைகளாலான மல்டிஃபிலமென்ட் ஸ்ட்ரிங்கை இழுவை குறைத்துக் கட்டச் சொல்லுங்கள். அடியில் காரணம் என்றால் அது பெரும்பாலும் ஒற்றைக் கை பேக்ஹேண்டில் முழங்கை முன்னே போக மட்டை பின்னால் இழுபடுவது. அதாவது மறுபடியும் தாமதம்.

இரண்டு வாரம் ஓய்வெடுத்தும் வலி குறையாவிட்டால், அல்லது விரல்களில் மரத்துப்போகும் உணர்வு இருந்தால் மருத்துவரையோ இயன்முறை மருத்துவரையோ (பிசியோதெரபிஸ்ட்) பாருங்கள். திரும்பி வரும்போது முதல் வாரம் சர்வ் கோட்டில் நின்று ஆரஞ்சுப் பந்தில் ஃபோர்ஹேண்ட் மட்டும், ஒரு நாள் விட்டு ஒரு நாள், இருபது நிமிடம். வலி இல்லையென்றால் அடுத்த வாரம் இரட்டைக் கை பேக்ஹேண்ட். பேஸ்லைனுக்குப் போவது அதற்கடுத்து. சர்வ் எல்லாவற்றுக்கும் கடைசியில்.